அராவிய செவ்வந்தி

துவக்கைக் கண்டால் ஜெயசிங்கத்துக்கு உள்ளங்கை வியர்க்கும். இது மனைவி மாக்கிறேட்டுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. மெல்பேணில் பழைய ஆயுதம் சேர்க்கிறவர்களுக்குத் தெரிந்தது வேறு. யப்பான்காரன் சண்டைக்காலத்தில் தூக்கித் திரிந்த துவக்கு ஒன்று கைக்கு வந்து, அது அசலா, பிறகு ஆரும் கைவைத்த சாமானா என்று மண்டை குழம்பினால், ரோவிலில் ஜெயா என்று ஒரு மனிதர் இருக்கிறார், அவரிடம் கொண்டு போ என்பார்கள். அவர் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் கதை இல்லை.

கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் அச்சும் கருவியும் வெட்டுகிற டூல்றூமில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். ஒரு இரும்பைத் தடவினால் அதை வெட்டினவன் அவசரத்தில் வெட்டினானா ஆறுதலாக வெட்டினானா என்று அவருடைய விரல் சொல்லிவிடும். எத்தனையோ துவக்கைப் புரட்டிப் பார்த்தும் தனக்கென்று ஒன்று வாங்கினது கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயுதம் சேர்க்கிறவர்களின் சங்கக் கூட்டம் நடக்கிற மண்டபத்துக்கு, செத்தவீட்டுக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போவார், அப்படியே திரும்பி வருவார். "வாங்கவும் மாட்டார், விடவும் மாட்டார்" என்று மாக்கிறேட் சொல்லுவாள். ஏன் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப்பற்றி வீட்டில் ஒருநாளும் கதைப்பதில்லை.

2002ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் றோசலின் ரெலிபோன் எடுத்தாள். றோசலின் மன்னார்ப் பேசாலைக்காரி. லண்டனில் தாதிப் படிப்பு முடித்து, எழுபதுகளிலேயே மெல்பேணுக்கு வந்து, கீத் என்ற வெள்ளைக்காரனைக் கட்டி, த பேசின் என்ற ஊரில் மலையடியில் குடியிருக்கிறவள். மாதம் ஒருக்கா தேவாலயத்தில் நடக்கிற தமிழ்ப் பூசையில் முன் வாங்கில்தான் இருப்பாள். கீத் அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை.

"ஜெயசிங்கம் அண்ணை, கீத்தின்ர தகப்பன்ர துவக்கு ஒண்டு இஞ்ச அலுமாரிக்க கிடக்குது. யப்பான் துவக்கு. அது உண்மையான சாமானோ எண்டு நீங்கள் வந்து பாத்துச் சொல்லவேணும்."

"விக்கப் போறியோ?"

"இல்லை அண்ணை. நீங்கள் வாங்கோ, சொல்லுறன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் காரில் போனார்கள். மாக்கிறேட்டின் மடியில் ஒரு பெட்டி மீன் கட்லற். துவக்குப் பார்க்கப் போனாலென்ன, பெண் பார்க்கப் போனாலென்ன, வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏறுகிற வழக்கம் அவளிடம் இல்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போகிற பாதையைத் தாண்டி, பெரிய மரங்களுக்குள் இருந்தது வீடு. வெயில் நேரத்திலும் உள்ளே லைற் போட்டிருந்தது.

குசினி மேசையைப் பார்த்ததும் ஜெயசிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டார். மேசையில் வெள்ளைச் சீலை விரித்திருந்தது. அதன்மேல் நீட்டுக்குத் துவக்கு. தலைமாட்டில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

"இதென்ன றோசலின், பிணம் வளத்தின மாதிரி?" என்றாள் மாக்கிறேட்.

"எனக்கு அது அப்பிடித்தான் அக்கா" என்றாள் றோசலின்.

தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு அவள் விசயத்துக்கு வந்தாள். துவக்கின் உரிமம் கீத்தின் பேரில் இருந்தது. இனி அதை அவள் வீட்டில் வைத்திருக்க ஏலாது, பொலிஸ் ஒரு தவணை கொடுத்திருக்கிறது. பக்கத்திலுள்ள பழைய படைவீரர் மண்டபத்தில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கேட்கிறார்கள். நியூகினிச் சண்டையில் எதிரியிடமிருந்து பறித்தது என்று கீழே எழுதுவார்களாம். அசல்தான் என்று விசயம் தெரிந்த ஒருவர் சொன்னால் போதும்.

"அது அவையின்ர கேள்வி. உன்ர கேள்வி என்ன தங்கச்சி?" என்று கேட்டார் ஜெயசிங்கம்.

றோசலின் கோப்பையைக் கீழே வைத்தாள். "மாமா அல்ஃப் ஒவ்வொரு நத்தாருக்கும் இதை மேசையில கொண்டந்து வைச்சுக் கதை சொல்லுவார். நான் கலியாணம் கட்டி வந்த முதல் நத்தாருக்குத்தான் முதன்முதலாக் கேட்டன். மழையாம், சேறாம். தன்ர வயசுப் பெடியன் ஒருத்தன் மரத்துக்குப் பின்னால இருந்து வந்தானாம். இவர் சுட்டாராம். அவன் விழுந்தும் துவக்கை விடேல்லையாம். விரலை ஒவ்வொண்டா விரிச்சுத்தான் எடுத்தனான் எண்டு, தன்ர விரலை விரிச்சுக் காட்டினார். எல்லாரும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டிச்சினம். எனக்கு இறங்கேல்லை."

அந்தக் கிறிஸ்மஸ் மேசையில் கதையைக் கேட்ட பிறகு வந்த கார்த்திகை மாதமே அவள் அந்தப் பெடியனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தாள். கார்த்திகை என்று சொல்லுகிற நவம்பர் இரண்டாம் திகதி, மரித்த ஆத்துமாக்களின் திருநாள். அவரவர் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பேரை உறையில் எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். இவளுக்கு அவனுடைய பேர் தெரியாது. யப்பான் ஆத்துமா என்று எழுதிக் கொடுத்தாள். மாமா செத்த பிறகும் விடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரு வருடமும் தவறவில்லை.

"பெரிய லொறி ரோட்டில போனால் அலுமாரிக்க இது கடகடக்கும் அண்ணை. கீத் நித்திரை. நான் எழும்பியிருந்து மரிச்சவைக்குச் சொல்லுற 'நித்திய இளைப்பாற்றி' செபம் சொல்லுவன். பிறகு சத்தம் நிண்டிடும். இப்ப இது போகப்போகுது. போறதுக்கு முதல் எனக்குத் தெரியவேணும். அப்பிடி ஒரு பிள்ளை உண்மையா இருந்து செத்தவனோ? நான் இவ்வளவு காலமும் ஆருக்குச் செபம் சொன்னனான்?"

கடகடக்கும் என்ற சொல்லோடு ஜெயசிங்கத்தின் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. சீலையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். துவக்கின் முதுகில் வளைந்த தகட்டு மூடி ஒன்று அப்படியே இருந்தது.

"மெழுகுதிரியை நூத்திட்டு, இதைத் தோளில வைச்சுக்கொண்டு அந்தக் கொரிடோரின்ர முடிவுக்குப் போ. அங்கயிருந்து நடந்து வா" என்றார்.

எந்த யப்பான் துவக்கு வந்தாலும் அவர் செய்கிற முதல் வேலை இது. சங்கத்து ஆட்களுக்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். தூசி, சேறு உள்ளே போகாமல் இருக்க அந்தத் துவக்குகளுக்கு மெல்லிய உருக்கு மூடி உண்டு. அது இறுக்கமாக நிற்காது. நடந்தால் கடகடக்கும். சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அனேகமான சிப்பாய்கள் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஆகையால் மூடியோடு வருகிற துவக்கு அருமை. வேறொன்றின் மூடியைப் பிறகு பொருத்தியிருந்தால் சத்தம் ஒரு மாதிரி இருக்கும், சொந்த மூடி என்றால் வேறு மாதிரி இருக்கும். சங்கத்துக்காரர் தலையாட்டி, காதால் துவக்குப் பார்க்கிற மனிசன் என்று புகழ்ந்தார்கள். விளக்கம் பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை.

கொரிடோர் இருட்டிலிருந்து சத்தம் வந்தது. கட. கட. கடகட. றோசலினின் செருப்புச் சத்தத்துக்கு ஒரு கணம் பிந்தி அது வந்தது. கிட்ட வந்தது. இன்னும் கிட்ட வந்தது. மாக்கிறேட் புருசனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மலாயாவில், கிளாங் பக்கத்து றப்பர் தோட்டத்தில், அவருடைய அப்பா கணக்கெழுதுகிற கிராணி. யப்பான்காரன் ஆண்ட காலம். சயாமுக்கு ரயில் பாதை போட ஆட்களைப் பிடித்துப் பிடித்துக் கொண்டு போனார்கள். முதலில் கூலிகள், பிறகு கணக்கெழுதுகிறவர்களும். ஒரு விடியக்காலை றப்பர் மரங்களுக்கிடையில் இந்தச் சத்தம் வந்தது. அம்மா ஆறு வயது ஜெயசிங்கத்தைக் கட்டிலுக்கடியில் இழுத்து வாயைப் பொத்தினாள். அப்பா ஆறுதலாகச் சேட்டை மாட்டினார். தொப்பியை எடுத்தார். "அவங்கள் உள்ள வந்தால் பிள்ளை பயப்பிடுவான். நான் வெளிய போறன்" என்றார். கதவு திறந்தது, சாத்திக்கொண்டது. சத்தம் கொஞ்ச நேரம் வாசலில் நின்றது. பிறகு மரங்களுக்குள்ளால் தேய்ந்து போனது. கட்டிலுக்கடியில் கிடந்த பிள்ளைக்கு, அப்பாவின் காலடி கேட்கவில்லை. அதுமட்டும்தான் கேட்டது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கொலராவில் போனார் என்றான் ஒருவன். பாங்கொக் பக்கம் கண்டேன் என்றான் இன்னொருவன். அம்மாவுக்கு இரண்டாவது ஆளின் கதை போதுமாக இருந்தது. மன்னாருக்குத் திரும்பி வந்து, கழுத்தில் தாலியோடு இருந்தாள். கார்த்திகையில் சாமியார் பேர் கேட்டால் எரிந்து விழுவாள். "உயிரோட இருக்கிற மனிசனுக்கு ஆர் பூசை குடுக்கிறது?" தாலியோடேயே அவளைப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேரைக் கொடுக்கவேண்டியவர் ஜெயசிங்கம். அவரும் கொடுக்கவில்லை. கலியாணம் கட்டிய புதிதில் மாக்கிறேட் இரண்டு மூன்று கார்த்திகைக்குக் கேட்டாள். அவர் எழும்பி வெளியே போனதைப் பார்த்துக் கேட்பதை விட்டுவிட்டாள்.

மெல்பேணுக்கு வந்து மூன்றாம் வருடம், வேலைத்தலத்து வெள்ளைக்காரன் ஒருவன் கூட்டிப்போன ஆயுதக் கண்காட்சியில், ஆரோ ஒரு துவக்கைத் தூக்க, அந்தச் சத்தம் கேட்டது. ஜெயசிங்கம் கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று பிடித்தது அவரை இன்னும் விடவில்லை. ஒவ்வொரு துவக்கு கடகடக்கும்போதும் இதுதான், இதுதான் அது என்று நெஞ்சு அடிக்கும். அந்தத் துவக்கைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"அண்ணை?" றோசலின் அவருக்கு முன்னால் தோளில் துவக்கோடு நின்றாள். "வைக்கட்டோ?"

"வை" என்றார்.

பிறகு அவர் வேலைக்காரனாக மாறினார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த மருந்து. மூடியில் உள்ள இலக்கத்தைப் பார்த்தார், துவக்கின் இலக்கத்தைப் பார்த்தார். இரண்டும் ஒன்று. உள்ளே போல்ட்டைக் கழற்றிப் பார்த்தார், அதிலும் அதே இலக்கம். மரத்தில் ஆரும் அரத்தாள் போடவில்லை, வார்னிஸ் பூசவில்லை. துவக்கு அசல்தான், சந்தேகமில்லை. றோசலினின் முகம் இளகியது.

"பொறு" என்றார் ஜெயசிங்கம். "இன்னும் பூ இருக்கு."

குண்டு ஏறுகிற இடத்துக்கு மேலே, உருக்கில் வட்டமாக ஒரு செவ்வந்திப் பூ வெட்டியிருந்தது. ஒவ்வொரு இதழாக, வடிவாக.

"இதென்ன பூ?" என்று மாக்கிறேட் கேட்டாள். இவ்வளவு வருடத்தில் அவள் ஒரு துவக்கைப்பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"யப்பான் ராசாவின்ர அடையாளம். துவக்கு சிப்பாய்க்குச் சொந்தமில்லை, ராசாவுக்குத்தான் சொந்தம். தோத்துப்போய் ஒப்படைக்கேக்க, ராசாவின்ர பூவை எதிரியின்ர கையில குடுக்கக்கூடாது எண்டு, அதை அராவி அழிச்சுப்போட்டுத்தான் குடுத்தவங்கள். ஆனபடியால் பூ அழியாமல் இருந்தால், அது ஒப்படைச்சதில்லை. பெரும்பாலும் சண்டையில செத்தவன்ர கையில இருந்து எடுத்தது."

றோசலின் சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப பூ இருக்குதுதானே?"

அவர் பைக்குள்ளிருந்து சின்ன உருக்கு அடிமட்டத்தை எடுத்துப் பூவுக்குக் குறுக்கே நிறுத்தினார். மறுபக்கம் ரோர்ச்சைப் பிடித்தார். அடிமட்டத்துக்குக் கீழே, பூ இருக்கிற இடத்தில் மட்டும், மயிரிழை மாதிரி வெளிச்சம் ஒழுகியது. அந்த இடம் பள்ளம். பூதக்கண்ணாடியை வைத்தார். இதழ்கள் ஒரே அளவில் தொடங்கிச் சுற்றி வந்து, கடைசி இதழுக்கு இடம் போதாமல் அது ஒடுங்கிக் கிடந்தது. அச்சில் அடித்த பூ அப்படி இருக்காது. இதழ்களுக்கு அடியில், துருப்பிடிக்காமல் நீலம் பூசியும் மறையாமல், சரிவாக, வரிசையாக அரத்தின் கோடுகள் தெரிந்தன.

அவருடைய பெருவிரல் அந்தக் கோடுகளில் நின்றது. ஓட்டமாக ஓடி அழித்த சிப்பாய் இல்லை இது. இழுப்பும் இழுப்பும் ஒரே நீளம். கை நடுங்காமல், பக்கத்தில் இரும்பைச் சுரண்டாமல், பூவை மட்டும் பார்த்துப் பார்த்து அராவியிருக்கிறான். அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது. சண்டை முடிந்திருக்கிறது.

"மாமா சண்டைக்குப் பிறகு என்ன வேலை செய்தவர்?" என்று மெல்லக் கேட்டார்.

"விளையாட்டுக் கப், மெடல் எல்லாத்திலயும் பேர் வெட்டுற கடை வைச்சிருந்தவர். ஏன் அண்ணை?"

மாக்கிறேட் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

சும்மா அசல் என்று சொல்லிவிட்டுக் கட்லற்றைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மண்டபத்துக்காரருக்குச் சந்தோசம், செத்த அல்ஃபின் மானம் கப்பலேறாது, றோசலினின் பூசைகளுக்கும் ஒரு சொந்தக்காரன் இருப்பான். ஜெயசிங்கம் அதையும் யோசித்துப் பார்த்தார். ஆனால் வாய் வரவில்லை. பொய்ப் பூவை உண்மை என்று ஒருமுறை சொன்னால் பிறகு தன் விரலையே தான் நம்பமுடியாது என்று அவருக்குப் பட்டது.

"தங்கச்சி, துவக்கு உண்மை. பூ பொய். உண்மைப் பூவை அதை வைச்சிருந்த சிப்பாயே அராவிப்போட்டான். இது சண்டை முடிஞ்ச பிறகு ஒப்படைச்சது. இப்ப இருக்கிற பூ, உன்ர மாமா பிறகு வெட்டினது. மரத்துக்குப் பின்னால ஆரும் வரேல்லை. விரல் விரிச்ச கதையும் இல்லை."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் றோசலினிடமிருந்து வந்தது. "கிழவன்! என்னை எத்தினை நத்தார் பட்டினி போட்டான்!" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அந்தப் பெடியன் சாகேல்லை?"

"சாகேல்லை" என்றார் ஜெயசிங்கம். சொல்லும்போதே உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டு மேலே வந்தது. "வீட்டை போனவன் தங்கச்சி! நல்லா ஆறுதலா இருந்து பூவை அராவி, துவக்கைக் குடுத்துப்போட்டு, கப்பலேறி வீட்டை போனவன். பொஞ்சாதி கதவு திறந்திருப்பாள். பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டியிருக்கும். வயசு போய்க் கட்டிலில கிடந்து செத்திருப்பான், இல்லாட்டி இப்பவும் இருப்பான். இவ்வளவு பூசையும் அவனுக்கு! வருசா வருசம் அவனுக்கு!"

கத்திவிட்டார். மாக்கிறேட்டின் கலியாண வாழ்க்கையில் அவர் இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. அவருடைய கை மேசையில் பட்டு, வெள்ளைச் சீலையின்மேல் துவக்கு கடகடவென்று ஆடியது. மாக்கிறேட் எட்டி மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது.

றோசலினுக்கு இப்போது வேறு பயம் பிடித்தது. "உயிரோட இருக்கிறவனுக்கு மரிச்சவன்ர பூசை குடுத்திருக்கிறன் அக்கா. பாவமெல்லோ அது?"

"பாவமில்லை" என்றாள் மாக்கிறேட், மூடியிலிருந்து கையை எடுக்காமல். "உயிரோட இருக்கிறவனுக்கு அது எதுக்கு? பூசை வீணாப் போகாது. ஒருத்தரும் பேர் குடுக்காமல் கிடக்கிற ஆத்துமா எத்தினை இருக்கும். அதுகளில ஒண்டுக்குப் போயிருக்கும்."

"ஆருக்குப் போயிருக்கும்?"

மாக்கிறேட் தன் கைக்குக் கீழே இருந்த மூடியைப் பார்த்தாள், புருசனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் எழும்பி வெளியே போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

றோசலின் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த இந்த வருடத்து உறையை எடுத்து வந்தாள். யப்பான் ஆத்துமா என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. "இதை என்ன செய்ய? கிழிக்கட்டோ?"

ஜெயசிங்கம் துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் அவர் தேடினது ஒரு துவக்கை இல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வாசலில் நின்றுபோன அந்தச் சத்தம் திரும்பி வரும், கதவு திறக்கும், தொப்பியோடு அப்பா உள்ளே வருவார் என்று இன்னமும் கட்டிலுக்கடியில் கிடந்து காத்துக்கொண்டிருக்கிறார். அறுபத்தைந்து வயதில்.

"கிழிக்காதை" என்றார். "கோடுபோட்டு வெட்டிப்போட்டு வேற பேர் எழுது."

றோசலின் பேனையை எடுத்தாள். "சொல்லுங்கோ அண்ணை."

"சூசைப்பிள்ளை."

மாக்கிறேட்டின் கை துவக்கின்மேல் இறுகியது.

"ஆர் அண்ணை அது?"

"என்ர அப்பா."

றோசலின் எழுதினாள். பேருக்குப் பக்கத்தில், இறந்த நாள் என்ற இடத்தில் பேனையை நிறுத்தி, குனிந்தபடியே கேட்டாள். "எப்ப காலமானவர்?"

ஜெயசிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"இப்பதான்" என்றார்.